வறண்ட காற்றும் வீட்டுப் பூச்சிகளின் நீர்ச்சமநிலையும்

தருமபுரி மாவட்டத்தில் தை மாதத்துப் பனி விலகியதும் காற்று வறளத் தொடங்கி, மாசி, பங்குனி மாதங்களின் பிற்பகல்களில் உதடு வெடிக்கும் அளவுக்கு உலர்ந்து, சித்திரையில் உச்சத்தை அடைகிறது. ஆடிக்குப் பின் வரும் மழையோடுதான் அந்த வறட்சி முழுமையாகத் தணிகிறது. இந்த வறண்ட மாதங்களில் வீட்டிலுள்ள தானியமும் பயறும் தாமாகவே காப்பாற்றப்பட்டுவிடும், பூச்சி பிடிப்பது மழைக்காலத்துக்கு உரியது என்ற எண்ணம் விவசாயக் குடும்பங்களிலும் நகர வீடுகளிலும் ஒருசேர நிலவுகிறது. அந்த எண்ணம் பாதிதான் சரி. வறண்ட காற்றில் சில பூச்சிகள் சில வாரங்களிலேயே மடிந்துவிடுகின்றன, சில பூச்சிகள் அதைப் பொருட்படுத்துவதே இல்லை, ஒன்றிரண்டு பூச்சிகளோ மற்றவை ஒதுங்கிவிட்ட அந்தச் சூழலில்தான் செழிக்கின்றன. எந்தப் பூச்சி எந்த வகையைச் சேர்ந்தது என்பது அது தன் உடலுக்கு வேண்டிய நீரை எங்கிருந்து பெறுகிறது என்பதைப் பொறுத்தது. ஆகவே பூச்சிக்கு நீர் வரும் வழியை அறிந்து அந்த வழியை அடைப்பதே வீட்டளவில் செய்யக்கூடிய தடுப்பு முறைகளில் செலவு குறைந்ததும் நம்பத்தக்கதும் ஆகும்.

காற்றின் வறட்சியை அளப்பது

குறிப்பிட்ட வெப்பநிலையில் காற்று ஏந்தக்கூடிய நீராவியின் உச்ச அளவில் எத்தனை விழுக்காடு இப்போது காற்றில் இருக்கிறது என்பதே ஒப்பு ஈரப்பதம் எனப்படும். வெப்பநிலை உயர உயர அந்த உச்ச அளவு வேகமாக உயர்வதால், நீராவியின் அளவு மாறாமலே ஒப்பு ஈரப்பதம் சரிந்துவிடும். எடுத்துக்காட்டாக, விடியற்காலையில் 22 பாகை செல்சியஸில் 75 விழுக்காடு ஈரப்பதம் கொண்டிருந்த காற்று, ஒரு துளி நீராவியையும் இழக்காமல் பிற்பகலில் 36 பாகைக்குச் சூடானால், அதன் ஈரப்பதம் ஏறத்தாழ 33 விழுக்காடாகிவிடும். நகராட்சி எல்லையில் உள்ள மாடி வீடானாலும் பென்னாகரத்து ஓட்டு வீடானாலும் கோடைக்காலத்தில் ஒரே நாளுக்குள் இந்த ஏற்ற இறக்கம் நிகழ்கிறது.

பூச்சியின் உடலிலிருந்து நீரை இழுப்பது ஒப்பு ஈரப்பதம் என்ற விழுக்காட்டு எண் அன்று. ஆவியழுத்தக் குறை எனப்படும் அளவே அதைச் செய்கிறது. காற்று முழுமையாக நிறைவுற்றிருந்தால் இருக்கவேண்டிய நீராவி அழுத்தத்துக்கும் உண்மையில் இருக்கும் அழுத்தத்துக்கும் இடையிலான வேறுபாடே ஆவியழுத்தக் குறையாகும். மேலே கூறிய விடியற்காலைக் காற்றில் அது 0.66 கிலோபாஸ்கல், அதே காற்றில் பிற்பகலில் அது 3.96 கிலோபாஸ்கல். ஒரே காற்று, எட்டு மணி நேர இடைவெளியில், ஆறு மடங்கு உலர்த்தும் ஆற்றலைப் பெற்றுவிடுகிறது. ஆனால் இரவு திரும்பும்போது ஈரமும் திரும்பிவிடுவதால், பகலில் இழந்த நீரை இரவில் மீட்டுக்கொள்ளும் திறமுடைய பூச்சியைப் பிற்பகல் வறட்சி கொல்வதில்லை என்பதையும் இங்கேயே மனத்தில் கொள்ளவேண்டும்.

கடைகளில் விற்கும் சிறிய ஈரப்பதமானி ஒன்று சமையலறைக்கும் தானிய அறைக்கும் போதுமானது. எனினும் விலை குறைந்த கருவிகள் பல விழுக்காடு பிசகிக் காட்டுவதுண்டு என்பதால் வாங்கியதும் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஒரு சிறிய மூடியில் சாப்பாட்டு உப்பை எடுத்துக் கூழாகும் அளவுக்கு மட்டும் நீர் விட்டுப் பிசைந்து, அந்த மூடியையும் கருவியையும் காற்றுப் புகாத டப்பாவில் வைத்து மூடி, அறை வெப்பத்தில் ஓரிரவு விட்டுவிட்டால், டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 விழுக்காட்டில் நிலைத்துவிடும். கருவி 70 என்று காட்டினால், பின்னர் அது காட்டும் எண்ணோடு 5 கூட்டிக்கொள்ளவேண்டும் என்று பொருள்.

அறையின் காற்றை அளப்பதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. தானியம் தன்னைச் சுற்றியுள்ள காற்றோடு ஈரத்தைக் கொடுத்து வாங்கி ஒரு நிலையில் அமைகிறது. அந்த நிலையில் உள்ள ஈரமே சமநிலை ஈரம் எனப்படும். காற்றின் ஈரப்பதம் 70 விழுக்காடாக இருந்தால் தானியத்தின் ஈரம் 13 முதல் 14 விழுக்காட்டிலும், 60 ஆக இருந்தால் 12 விழுக்காட்டை ஒட்டியும், 30 முதல் 40 வரை இருந்தால் 8 முதல் 10 விழுக்காட்டிலும் அமையும். மூட்டையின் வெளிப்புறம் சில நாள்களில் அறைக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டாலும் நடுப்பகுதி அதே நிலையை அடைய வாரக்கணக்கில் ஆகும். எனவே கார்த்திகையில் அரைகுறையாகக் காய்ந்த நிலையில் கட்டிய மூட்டையின் நடுவில், மாசி மாதத்து அனல்காற்று அறைக்குள் வீசிக்கொண்டிருக்கும்போதும், கார்த்திகை மாதமே நீடிக்கிறது. பூச்சி வாழ்வது அங்கேதான்.

பூச்சியின் உடலில் நீர்

ஒரு கூன்வண்டின் எடை ஏறத்தாழ 2 மில்லிகிராம்; அதில் பாதியளவு நீர். உடல் சிறுக்கச் சிறுக்கக் கனஅளவோடு ஒப்பிடும்போது மேற்பரப்பு பெருகுவதால், இத்தனை சிறிய உடல் எளிதில் உலர்ந்துபோகவேண்டும். அவ்வாறு போகாமல் காப்பது புறத்தோலின் வெளி அடுக்கில் படிந்துள்ள மிக மெல்லிய மெழுகுப் படலமாகும். 1935இல் ஆங்கிலேய உயிரியலாளர் ஜே. ஏ. ராம்சே கரப்பான் பூச்சியின் மேல் நடத்திய ஆய்வில், வெப்பநிலை 30 பாகை செல்சியஸை ஒட்டி உயர்ந்ததும் புறத்தோலின் வழியே நீர் வெளியேறும் வேகம் திடீரென அதிகரிப்பதைக் கண்டார்; மெழுகு அடுக்கின் ஒழுங்கு அந்த வெப்பத்தில் குலைவதே அதற்குக் காரணம். இந்த வரம்பு இனத்துக்கு இனம் வேறுபடுகிறது. உலர்ந்த தானியத்தில் வாழப் பழகிய வண்டுகளின் மெழுகு கரப்பானுடையதைவிட உறுதியானது என்பதால், கரப்பானை ஈர மூலைக்கு விரட்டும் அதே வெயில் மாவு வண்டை இடம்பெயரச் செய்வதில்லை.

நீர் வெளியேறும் இரண்டாவது வழி மூச்சுத்துளைகள். பூச்சியின் உடலின் இருபுறமும் வரிசையாக அமைந்த இத்துளைகளைத் திறந்தால்தான் ஆக்சிஜன் உள்ளே செல்லும். திறந்தால் நீராவியும் வெளியே போகும். ஆகவே வறண்ட சூழலில் பூச்சிகள் இத்துளைகளைப் பெரும்பாலான நேரம் மூடியே வைத்துக்கொண்டு தேவைக்கு மட்டும் திறக்கின்றன. மூன்றாவது வழி கழிவு. பூச்சிகளின் கழிவு உறுப்புகள், 17ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூற்றியலாளர் மல்பிகியின் பெயரால் மல்பிகிக் குழல்கள் எனப்படுகின்றன. பெரும்பாலான பூச்சிகளில் அவை உடற்குழிக்குள் தனித்து மிதக்கின்றன; மாவு வண்டு முதலிய வண்டினங்கள் பலவற்றிலோ அக்குழல்களின் நுனிகள் மலக்குடலைச் சுற்றி ஒட்டிக்கொண்டு, ஒரு மெல்லிய உறையால் மூடப்பட்டுள்ளன. இந்த அமைப்பு குழல்களுக்குள் உப்புகளை மிகுந்த செறிவில் தேக்கி, கழிவிலுள்ள நீரை ஏறத்தாழ முழுவதும் உறிஞ்சிக்கொள்கிறது. வண்டு பிடித்த மாவில் காணப்படும் எச்சம் ஈரமோ பிசுபிசுப்போ இன்றித் தூளாக இருப்பதற்கு இதுவே காரணம். இதே குடும்பத்தைச் சேர்ந்த உணவுப்புழு எனப்படும் பெரிய மாவுப்புழு, காற்றின் ஈரப்பதம் 88 விழுக்காட்டைத் தாண்டும்போது மலக்குடல் வழியாகக் காற்றிலுள்ள நீராவியையே உறிஞ்சி எடை கூடுகிறது.

வரவுப் பக்கத்தில் குடிநீர், உணவிலுள்ள ஈரம், காற்றின் நீராவி ஆகியவற்றோடு, பலர் எண்ணிப்பார்க்காத ஒரு மூலமும் உண்டு. உணவு உடலில் எரியும்போது நீர் உண்டாகிறது. இதற்கு வளர்சிதை நீர் என்று பெயர். 100 கிராம் மாவுச்சத்து முழுமையாக எரிந்தால் ஏறத்தாழ 55 கிராம் நீரும், 100 கிராம் கொழுப்பு எரிந்தால் 107 கிராம் நீரும் கிடைக்கும். எலும்புபோல் காய்ந்த மாவிலும் வண்டு உயிர்வாழ்வதன் இரகசியம் இதுதான். ஆனால் அந்த நீர் விலையின்றிக் கிடைப்பதில்லை. 1944இல் லண்டனில் ஃபிராங்கெல், பிளெவெட் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வின்படி, மாவுப்பூச்சிகளை வறண்ட காற்றில் வளர்த்தபோது புழுப்பருவம் நீண்டது, கூட்டுப்புழுக்கள் சிறுத்தன, அதேவேளை ஒவ்வொரு மில்லிகிராம் வளர்ச்சிக்கும் அவை தின்ற உணவின் அளவு கூடியது. நீருக்காகவே உணவை எரிக்கவேண்டிய நிலை அவற்றுக்கு ஏற்பட்டிருந்தது. இல்லத்தார் இதிலிருந்து அறியவேண்டியது முக்கியமானது: கோடையில் பூச்சிகளின் எண்ணிக்கை மெதுவாகப் பெருகினாலும், இருக்கும் ஒவ்வொரு புழுவும் வழக்கத்தைவிட அதிக மாவைத் தின்கிறது.

எந்தப் பூச்சிக்கு எங்கிருந்து நீர்

குடித்தே தீரவேண்டிய பூச்சிகளில் தலையாயது கரப்பான். சமையலறையில் பெருகும் சிறிய பழுப்புக் கரப்பானின் பெண், உணவே இல்லாமல் நீர் மட்டும் கிடைத்தால் ஏறத்தாழ 6 வாரம் உயிரோடிருக்கும். இரண்டும் இல்லாவிட்டால் இரண்டு வாரத்துக்குள் இறந்துவிடும். காய்ந்த உணவு கிடைத்து நீர் மட்டும் கிடைக்காவிட்டாலும் அதன் ஆயுள் பெரிதாக நீள்வதில்லை. ஆகவே தருமபுரியின் கோடை, கரப்பானை ஒழிப்பதற்கு இயற்கையே தரும் வாய்ப்பாகும். சிங்க்கின் அடியில் சொட்டும் குழாய், இரவு முழுதும் ஊறிக்கிடக்கும் பாத்திரங்கள், மண்பானையின் அடியில் கசிந்து தேங்கும் நீர், பிழியாமல் மூலையில் போட்ட தரை துடைக்கும் துணி, குளிர்பதனப் பெட்டியின் பின்புறத் தட்டு ஆகிய ஐந்தும் உலர்ந்துவிட்டால் வெளிக்காற்று மீதி வேலையைச் செய்துவிடும். இவற்றை ஈரமாக விட்டுவிட்டு மருந்தடிப்பது வீண்செலவு.

காற்றிலிருந்து நீரை எடுக்கும் பூச்சிகள் இரண்டாம் வகை. மழைக்காலத்தில் பழைய புத்தகங்களிலும் ஈரச்சுவரிலும் அரிசி டப்பாவின் விளிம்பிலும் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஊர்கின்ற, ஒரு மில்லிமீட்டர் அளவேயுள்ள வெளிர்நிறப் புத்தகப்பேன் இவ்வகையில் முதன்மையானது. தன் வாயுறுப்பில் சுரக்கும் ஈரம் உறிஞ்சும் திரவத்தின் மூலம் அது நீராவியைப் பிடித்து விழுங்குகிறது. ஆனால் காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 60 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்தத் திரவத்தால் நீராவியைப் பிடிக்க இயலாது. தொடர்ந்து அந்த வரம்புக்குக் கீழே இருந்தால் சில வாரங்களில் அதன் கூட்டம் முழுவதும் மடிந்துவிடும். நூல்களையும் துணிகளையும் அரிக்கும் வெள்ளிப்பூச்சிகளில் வீடுகளில் பரவலாகக் காணப்படும் சாம்பல்நிற இனத்தின் வரம்பும் இதை ஒட்டியதே. அடுப்பங்கரையிலும் பேக்கரி அடுப்பின் அருகிலும் வாழும் அதன் உறவினமோ 45 விழுக்காடு ஈரப்பதத்திலேயே நீராவியை எடுத்துக்கொள்ளும் என்பதால் அதைக் கோடைக்காற்று ஒன்றும் செய்வதில்லை. அந்த உறவினம் நீங்கலாக, இந்த இரண்டாம் வகைக்கு எதிராக மருந்து வேண்டியதே இல்லை: பரணிலும் அலமாரியிலும் உள்ளவற்றை மாசி, பங்குனியில் ஒருமுறை வெளியே எடுத்து, வெயிலில் காயவிட்டு, குளியலறையை ஒட்டிய சுவரில் சாய்க்காமல் அடுக்கினால் போதும்.

தமக்கென ஒரு நீர்வழியைக் கையோடு வைத்திருப்பவை மூன்றாம் வகை. அவற்றில் கறையான் ஒரு துருவம். அதன் தோல் மெல்லியது. திறந்த வறண்ட காற்றில் சில மணி நேரம்கூட அதனால் தாங்க இயலாது. ஆயினும் இம்மாவட்டத்தில் கோடையிலும் கதவு நிலைகளை அது அரித்துவிடுகிறது என்றால், மண்ணின் ஈரத்தை அது தன் மண்பாதை வழியாகத் தன்னுடனேயே கொண்டுசெல்கிறது என்பதே காரணம். மண்பாதையைத் துடைப்பத்தால் தட்டிவிடுவது பயனற்றது; அந்த ஈரம் எங்கிருந்து தொடங்குகிறது என்று பார்த்து, கசியும் குழாயையோ நிலத்தைத் தொடும் மரத்தையோ சரிசெய்யவேண்டும். மூட்டைப்பூச்சிக்கு இரத்தமே நீர். அடுத்த உணவு வரும்வரை விரிசலில் ஒன்றோடொன்று ஒட்டி அடைந்து நீரிழப்பைக் குறைத்துக்கொள்வதால், அறையைப் பூட்டி வைத்து அதை உலர்த்திக் கொல்லலாம் என்று எண்ணுவது நடவாது.

நான்காம் வகையே தானியக் களஞ்சியத்தின் உண்மையான எதிரி: உலர்ந்த உணவை மட்டும் தின்று, குடிக்காமலே வாழும் வண்டுகள். இவற்றுக்குள்ளும் பெரிய வேறுபாடு உண்டு. அரிசிக் கூன்வண்டின் பெண், தானியத்தைத் தன் நீண்ட மூக்கால் துளைத்து, முட்டையிட்டு, துளையைப் பசைபோன்ற சுரப்பால் அடைத்துவிடுகிறது. புழு தன் வாழ்நாள் முழுவதையும் அந்த ஒரு மணிக்குள்ளேயே கழிப்பதால் அதற்கு அறைக்காற்று ஒரு பொருட்டன்று, மணியின் ஈரமே அதன் உலகம். அந்த ஈரம் 9 விழுக்காட்டை ஒட்டிக் குறைந்தால் அதனால் பெருக இயலாது. தானியத் துளைப்பான் அதைவிட உலர்ந்த தானியத்தையும் அதைவிடக் கூடுதலான வெப்பத்தையும் தாங்கும். சிவப்பு மாவு வண்டு 32 முதல் 35 பாகை வெப்பத்தில் வேகமாகப் பெருகுகிறது. ஈரப்பதம் 10 விழுக்காடாகக் குறைந்தாலும் மெதுவாகவேனும் தன் வாழ்க்கைச் சுழற்சியை முடித்துவிடுகிறது.

எல்லாவற்றையும் விஞ்சியது காப்ரா வண்டு. 2 விழுக்காடு மட்டுமே ஈரமுள்ள உணவிலும் அதன் மயிர்மூடிய புழு வளர்கிறது. வெப்பமும் வறட்சியும் மிகுந்த இடங்களில், ஈரம் விரும்பும் போட்டியாளர்கள் ஒதுங்கிவிடுவதால், அதுவே ஆட்சி செய்கிறது. உணவு தீர்ந்தாலோ சூழல் ஒவ்வாவிட்டாலோ புழு சுவர் விரிசலில் புகுந்து, வளர்ச்சியை நிறுத்திவைத்து, ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும். எனவே தானிய அறையின் விரிசல்களைக் களஞ்சியம் காலியாக இருக்கும் நாள்களில் சிமெண்டாலோ சுண்ணாம்பாலோ அடைப்பது, தானியத்தைக் காயவைப்பதற்கு இணையான வேலையாகும்.

பயறு வண்டின் நிலை தனித்துவமானது. சேமிப்பில் உள்ள வளர்ந்த வண்டு உண்பதுமில்லை, குடிப்பதுமில்லை. இரண்டு வாரத்துக்கும் குறைவான தன் வாழ்நாளை, புழுவாக இருந்தபோது பயறுக்குள் சேர்த்துவைத்த நீரைக் கொண்டே ஓட்டுகிறது. அதன் ஆண் இணைசேரும்போது செலுத்தும் திரவம் தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு வரை இருக்கும் என்பதும், நீர் கிடைக்காத பெண் வண்டுகள் நீர் கிடைத்தவற்றைவிட அடிக்கடி மறு இணைசேர்க்கைக்கு இணங்குகின்றன என்பதும் ஆய்வுகளில் வெளிப்பட்டுள்ளன. ஆண் தரும் திரவத்தில் உள்ள நீர் பெண்ணுக்குப் பயன்படுகிறது. துவரையிலும் மொச்சையிலும் இந்த வண்டு வயலிலேயே காய்களின் மேல் முட்டையிட்டுவிடுவதால், களத்திலிருந்து வீட்டுக்கு வரும் பயற்றோடு பூச்சியும் சேர்ந்தே வருகிறது என்று கொள்வதே முறையாகும்.

கேழ்வரகு தரும் பாடம்

2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரை ஒன்றாயிருந்த இந்த மேட்டுநிலம், தமிழகத்தின் கேழ்வரகு நாடு. 2023 மே மாதத்தில் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் அரிசி பெறும் அட்டைதாரர்களுக்கு 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டதும் இந்தப் பயிர்மரபை ஒட்டியே. நன்கு காய்ந்த கேழ்வரகு பல ஆண்டுகள் பூச்சியின்றிக் கிடக்கும் என்பது இப்பகுதி உழவர்கள் தலைமுறைகளாக அறிந்த செய்தி. பஞ்ச காலத்துக்கென அதைக் குழியிலும் குதிரிலும் தொம்பையிலும் சேர்த்துவைத்தது அந்த அறிவின் பயன்.

அதன் காரணம் நீர்ச்சமநிலையோடு நேரடியாகத் தொடர்புடையது. கூன்வண்டுப் புழுவுக்கு ஒரு மணி என்பது உணவும் வீடும் மட்டுமன்று, வெளிவறட்சியிலிருந்து காக்கும் அறையும் ஆகும். ஆயிரம் கேழ்வரகு மணிகளின் எடை ஏறத்தாழ 3 கிராம்தான். ஒரு மணிக்குள் கூன்வண்டுப் புழு தன் வளர்ச்சியை முடிக்க இடமே இல்லை. மணிக்கு வெளியே வாழவேண்டிய மாவு வண்டுக்கோ உடையாத, கடினமான அந்த மணியைக் கடித்துத் திறப்பது எளிதன்று. தின்ன இயலாத பூச்சிக்கு வளர்சிதை நீரும் கிடைப்பதில்லை. சிறிய மணியும் கடினமான தோலும் இரண்டு வகைப் பூச்சிகளின் நீர்வழியையும் ஒருசேர அடைத்துவிடுகின்றன. உமியோடு சேமித்த சாமையும் தினையும் இதையொத்த பாதுகாப்பைப் பெறுகின்றன; சித்தேரி மலைக் குடும்பங்கள் சாமையை உமி நீக்காமல் வைத்து, வேண்டியபோது மட்டும் குத்தி எடுப்பது இந்த அறிவியலுக்கு முற்றிலும் பொருந்துகிறது.

இந்தக் காப்பு மாவு மில்லின் வாசலோடு முடிந்துவிடுகிறது. அரைத்த கேழ்வரகு மாவில் மணியின் தோலும் இல்லை, கடினமும் இல்லை. அதில் சிவப்பு மாவு வண்டு அரிசி மாவில் பெருகுவதைப் போலவே பெருகும். ஐந்தாண்டு கெடாத கேழ்வரகை அரைத்து மூன்று மாதத்துக்கென வைப்பதைவிட, பதினைந்து நாளுக்கு ஆகும் அளவை மட்டும் அரைத்துக்கொள்வதும், ஆறிய பின் இறுக மூடும் டப்பாவில் வைப்பதும், புது மாவைப் பழைய மாவின் மேல் கொட்டாமல் டப்பாவைத் துடைத்து உலர்த்திய பின் நிரப்புவதும் எந்த மருந்தைக் காட்டிலும் பயன்தரும்.

வறட்சியை உள்ளே வைத்து மூடுதல்

கோடைக்காற்று இலவசமாகத் தரும் வறட்சியை மழை வருமுன் தானியத்துக்குள் ஏற்றி, அது வெளியேறாமல் அடைத்துவிடுவதே இம்மாவட்டத்துக்கு ஏற்ற முறை. காயவைக்கும் வேலையைக் காலை பத்து மணிக்கு மேல் தொடங்கி, மாலை நான்கு மணிக்குள் அள்ளிவிடவேண்டும். இரவு முழுவதும் களத்தில் விட்டால் விடியற்காலை ஈரத்தை மேலடுக்கு மீண்டும் உறிஞ்சிக்கொள்ளும். தானியம் போதிய அளவு காய்ந்ததா என்பதை அறிய, உலர்ந்த கண்ணாடிப் புட்டியில் கால் பங்கு தானியமும் ஒரு கைப்பிடி உலர்ந்த தூளுப்பும் இட்டு மூடி, நன்கு குலுக்கிப் பதினைந்து நிமிடம் வைக்கலாம். உப்பு புட்டியின் சுவரில் ஒட்டிக்கொண்டால் தானியத்தின் ஈரம் 15 விழுக்காட்டுக்கு மேல் இருக்கிறது, ஒட்டாமல் உதிர்ந்தால் அதற்குக் கீழே வந்துவிட்டது. இந்தச் சோதனை முதற்கட்டத்துக்கு மட்டுமே உரியது. பூச்சியைத் தடுக்க 10 விழுக்காட்டை ஒட்டிய ஈரம் வேண்டும் என்பதால், உப்பு ஒட்டாத பின்னும் மேலும் இரண்டு, மூன்று நாள் காயவைப்பது அவசியம். பெரிய அளவில் சேமிப்போர் பாப்பாரப்பட்டியிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தின் வழிகாட்டுதலை நாடலாம்.

காய்ந்த தானியத்தைச் சூடாக அள்ளி உடனே அடைப்பது பெருந்தவறு. சூடான தானியத்திலிருந்து எழும் நீராவி இரவில் குளிரும் பாத்திரத்தின் மூடியிலும் பக்கங்களிலும் துளிர்த்து, அந்த ஓரங்களில் உள்ள தானியத்தை நனைத்துப் பூஞ்சணத்துக்கும் புத்தகப்பேனுக்கும் இடம் தருகிறது. நிழலில் பரப்பி, தொட்டால் கைக்குச் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பின்னரே அடைக்கவேண்டும். மூட்டைகளைத் தரையில் வைக்காமல் மரச்சட்டத்தின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குவதும் இதே காரணம் பற்றியதே. வேப்பிலையும் நொச்சியும் இடும் வழக்கமுள்ளோர் அவற்றை நிழலில் சருகாகக் காயவைத்த பின்பே இடவேண்டும். பச்சை இலையை இடுவது, பாடுபட்டு வெளியேற்றிய நீரைத் திரும்ப உள்ளே வைப்பதாகும்.

பயறுக்குக் கூடுதலான ஒரு படி தேவை. ஏற்கெனவே உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லாமல் மூடினால் பயனில்லை என்பதால், வைக்கோல் அல்லது சாக்கின் மேல் கருப்புப் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, இரண்டு விரல்கடை உயரத்துக்கு மிகாமல் பயற்றைப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பாலித்தீன் விரிப்பால் மூடி, ஓரங்களில் கல் வைத்து அழுத்தி, உச்சிவெயிலில் இரண்டு மூன்று மணி நேரம் விடலாம். பயறு 57 பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் பயறு வண்டின் முட்டை, புழு, கூட்டுப்புழு ஆகிய எல்லாப் பருவங்களும் இறந்துவிடும். தருமபுரியின் பங்குனி, சித்திரை வெயிலுக்கு அந்த வெப்பத்தை எட்டுவது கடினமன்று. விதைக்கென ஒதுக்கிய பயற்றை மட்டும் இந்தக் கடும் சூட்டுக்கு உட்படுத்தாமல் தனியே வைக்கவேண்டும்.

அதன்பின் காற்றுப் புகாமல் அடைப்பது. இரண்டு தடித்த பாலித்தீன் உறைகளும் அவற்றுக்கு வெளியே ஒரு நெய்த சாக்கும் கொண்ட மூன்றடுக்குப் பைகள், 1980களின் பிற்பகுதியில் ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் தட்டைப்பயறு உழவர்களுக்காக உருவாக்கப்பட்டவை. அவற்றுக்குள் பூச்சி மூச்சுத்திணறி இறக்கிறது என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2012இல் அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் வெளியிட்ட கட்டுரை, அதைவிட நுட்பமான விளக்கத்தைத் தந்தது: ஆக்சிஜன் குறைந்ததும் புழு தின்பதை நிறுத்துகிறது, தின்பது நின்றதும், உணவை எரிக்க ஆக்சிஜனும் இல்லாததால், வளர்சிதை நீர் உண்டாவதும் நின்றுவிடுகிறது, பயறுக்குள் வேறு நீர் மூலம் இல்லாத அந்தப் புழு மெதுவாக உலர்ந்தே இறக்கிறது. இந்த விளக்கம் வீட்டு நடைமுறைக்கும் வழிகாட்டுகிறது. இறுக மூடும் பிளாஸ்டிக் டிரம்மையும் தகர டின்னையும் விளிம்புவரை நிரப்பவேண்டும்; பாதி காலியான டிரம்மில் மிஞ்சும் காற்று பூச்சிக்கு வாரக்கணக்கில் நீர் தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருக்கும். பெரிய டிரம் ஒன்றை அடிக்கடி திறப்பதைவிட, மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் சிறிய டின்களில் பிரித்து அடைப்பது சிறந்தது.

மெழுகைக் கெடுக்கும் தூள்கள்

சாணச் சாம்பலைத் தானியத்தோடு கலப்பதும், துவரைக்கும் மொச்சைக்கும் செம்மண் கட்டிக் காயவைப்பதும் தமிழகத்தின் உள்மாவட்டங்களில் பழைய வழக்கங்கள். இவை பூச்சியை நஞ்சால் கொல்வதில்லை. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் விகில்ஸ்வொர்த் என்ற ஆங்கிலேயப் பூச்சியியலாளர், நுண்ணிய கனிமத் தூளின் மேல் ஊர்ந்த பூச்சிகள் வேகமாக நீரிழந்து சாவதைக் கண்டு, ஊரும்போது தூள் அவற்றின் மெழுகுப் படலத்தைத் தேய்த்துக் கீறிவிடுகிறது என்று 1945இல் விளக்கினார். பின்னர் கலிபோர்னியாவில் வால்டர் எபெலிங், சில தூள்கள் கீறாமலே மெழுகை உறிஞ்சி நீக்கிவிடுகின்றன என்று காட்டினார். எவ்வழியாயினும், படலம் போன பின் பூச்சியைக் கொல்வது சுற்றியுள்ள காற்றின் வறட்சிதான். ஆகவே இத்தூள்கள் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே உள்ள மாதங்களில் நன்றாக வேலை செய்து, ஐப்பசி மழையில் பெரிதும் வலுவிழக்கின்றன. தூள் கலக்கவேண்டிய காலம் பங்குனி. ஐப்பசியில் வண்டைக் கண்ட பிறகு கலப்பது காலம் கடந்த செயல். விதைப் பயற்றுக்கு 100 கிலோவுக்கு 1 கிலோ என்ற அளவில் செயலூட்டப்பட்ட வெண்களிமண்ணைக் கலக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. கலப்போர் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்வது கட்டாயம், ஏனெனில் நுண்தூள் நுரையீரலுக்குக் கேடு.

செல்பாஸ் என்ற பெயரில் பரவலாக அறியப்பட்ட அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக்குள் பயன்படுத்துவது பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லியாகவேண்டும். காற்றின் ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பின் என்ற கொடிய வாயுவை வெளியிடும் அந்த மாத்திரை, பயிற்சி பெற்றவர்கள் மூடிய கிடங்குகளில் மட்டும் கையாளவேண்டியது. மனிதர் உறங்கும் வீட்டில் ஒரே ஒரு மாத்திரையும் உயிரைக் குடிக்கும். வெயிலும் இறுக்கமான மூடியும் செய்யக்கூடிய வேலைக்கு அந்த அபாயத்தை எந்தக் குடும்பமும் ஏற்க வேண்டியதில்லை.

ஆடிக்குப் பின்

மழை தொடங்கியதும் அறைக்காற்றின் ஈரப்பதம் நாள் முழுவதும் 60 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும். மேலே கூறிய பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது சாதகம். இக்காலத்தில் மழை பெய்யும்போதோ விடியற்காலையிலோ டின்களைத் திறக்காமல், மழை ஓய்ந்து வெயிலடிக்கும் பிற்பகலில் மட்டும் திறந்து வேண்டியதை எடுத்துக்கொண்டு உடனே மூடவேண்டும். ஈரக்கையோடும் ஈரமான படியோடும் அள்ளக்கூடாது. பயறு வண்டு முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ நான்கு வாரம் எடுத்துக்கொள்வதால், மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு டின்னிலிருந்தும் ஒரு பிடி பயற்றை வெளிச்சத்தில் பார்த்தால், அடுத்த தலைமுறை வெளிவருமுன் அதைக் கண்டுகொள்ளலாம். மொச்சையின் தோலில் ஒட்டியிருக்கும் வெண்ணிறப் புள்ளி முட்டை. உள்ளே புழு வளர்ந்துவிட்டதற்கு அடையாளம் தோலுக்கு அடியில் தெரியும் கருமையான வட்டச் சாளரம். அத்தகைய வட்டம் தென்பட்ட டின்னிலுள்ள பயற்றை மட்டும் அன்றைய பிற்பகலிலேயே கருப்பு விரிப்பின் மேல் பரப்பி, வெயில் இல்லாவிட்டால் வாணலியில் தீயைக் குறைத்து வைத்து, வெறும் கையால் தொட இயலாத சூடு வரும்வரை வறுத்து ஆறவைத்து, அந்த வாரமே சமையலுக்கு எடுத்துவிடவேண்டும்.